ரேஷன் அரிசியும் தரிசு நிலமும்

போன செமஸ்டரில் எங்கள் கல்லூரியில் ரத்ததான முகாம் நடந்தது. தோழிகள் ஆறு பேர் சேர்ந்து போனோம். ரத்தம் கொடுத்தால் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் ஜூஸும் தருவார்கள், மதியம் வகுப்புக்கும் போக வேண்டாம் என்பது ரகசியக் காரணம் (வெளியே சொன்ன காரணம் சமூக சேவை!). விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்த்த அக்கா என்னை நிமிர்ந்து பார்த்து, "உனக்கே யாராவது கொடுக்கணும் போலிருக்கேம்மா" என்றார். ஹீமோகுளோபின் 9.4. ரத்தம் கொடுக்க 12.5 வேண்டுமாம். ஆறு பேரில் நான்கு பேரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிஸ்கட்டும் போச்சு, மதியம் வகுப்பும் தப்பவில்லை.

"ஒழுங்கா சாப்பிடறியா?" என்று அவர் கேட்டார். சாப்பிடுகிறேன் என்றேன். பொய் இல்லை. காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை அல்லது மறுபடியும் சோறு. ஒரு நாளும் பட்டினி கிடந்தவள் இல்லை நான். ஆனால் அன்றைக்கு ராத்திரி விடுதி மெஸ்ஸில் தட்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது. மூன்று வேளையும் அரிசி. குழம்பு என்ற பெயரில் கொஞ்சம் தண்ணீர், ஓரத்தில் ஒரு கரண்டி உருளைக்கிழங்கு.

நான் தனி ஆள் இல்லை. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். ஐந்து வயதுக்கு உட்பட்ட தமிழ்நாட்டுக் குழந்தைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லாதது. எல்லா அரிசிக் கார்டுக்கும் அரிசி இலவசம், பள்ளியில் மதிய உணவு, அங்கன்வாடியில் சத்துமாவு என்று இந்தியாவிலேயே முன்னோடியாக இருக்கும் மாநிலத்தில் இந்த நிலை!

இதைப் பசி என்று சொல்லலாமா என்று எனக்கும் தயக்கம் இருந்தது. பசி என்றால் ஒட்டிய வயிறும் துருத்திய எலும்பும்தான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் வயிறு நிறைந்தும் உடம்பு பட்டினி கிடக்க முடியும். இந்தப் பசி சத்தம் போடாது, ஊர்வலம் போகாது. மாடி ஏறினால் மூச்சு வாங்கும், பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தால் தூக்கம் வரும், அவ்வளவுதான். சோம்பேறி என்று வேறு திட்டு விழும்.

"சிறுதானியம் சாப்பிடுங்கள், முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல" என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அதைச் சொல்ல டிவியில் தினம் காலையில் ஒருவர் வருகிறார். என் கேள்வி வேறு. கேழ்வரகும் சாமையும் நல்லது என்று எல்லாருக்கும் தெரிந்த பிறகும், அதை விளைவித்த ஊர்களிலேயே அது ஏன் தட்டில் இல்லை? நிலம் யாரிடம் இருக்கிறது, விளைந்ததை யார் வைத்துக்கொள்கிறார்கள், அதைக் குத்திப் புடைக்கிற வேலை யார் தலையில் விழுகிறது என்ற மூன்றையும் தொடாமல் பாரம்பரிய உணவைப் பற்றிப் பேசுவது வெறும் பேச்சு என்பது என் கட்சி.

அம்மாவின் ஊர் தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கம். மானாவாரி பூமி. அங்கே ஆயாவுக்கு (அம்மாவின் அம்மா, எங்கள் பக்கம் ஆயா என்றுதான் சொல்வோம்) எண்பது வயது இருக்கும். ஆயாவின் காலத்தில் கேழ்வரகுக் கொல்லையில் பத்துச் சாலுக்கு ஒரு சால் அவரை போடுவார்களாம். வரப்பு ஓரம் ஆமணக்கு. மேட்டு நிலத்தில் சாமை. மழை பிந்திவிட்டால் கொள்ளு. வீட்டில் களி, கூழ், சாமைச்சோறு, தொட்டுக்கொள்ள கீரைக் கடைசலோ அவரைக்கொட்டைக் குழம்போ. நெல்லுச்சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விருந்தாளி வந்தால்தான்.

கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார். அம்மா பள்ளிக்குத் தூக்குப்போசியில் களி கொண்டுபோய், பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாதென்று கட்டடத்துக்குப் பின்னால் போய்ச் சாப்பிட்டவர். அரிசிச்சோறு கொண்டுவருகிற வீட்டுப் பிள்ளைகள் கேலி செய்வார்களாம். "களி தின்னவளப் பாத்து சிரிச்சவங்கதான் இப்ப அதையே டப்பாவுல வாங்கித் தின்றாங்க" என்று அம்மா சொல்லும்போது அதில் பழைய கோபம் இன்னும் இருப்பது தெரியும்.

ஆகவே ரேஷன் அரிசியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 2006ல் கிலோ இரண்டு ரூபாய், 2008ல் ஒரு ரூபாய், 2011 ஜூனிலிருந்து 20 கிலோ இலவசம். இந்த அரிசி வந்த பிறகுதான் எங்கள் ஆயா வீட்டில் ஆடி மாதத்திலும் அடுப்பு தவறாமல் எரிந்தது. நெல்லுச்சோறு மேல்வீட்டுக்காரருக்கு மட்டும் என்ற நிலையை உடைத்தது இந்த அரிசிதான். 'இலவச அரிசியால் ஜனங்கள் சோம்பேறி ஆகிவிட்டார்கள்' என்று சொல்பவர்கள் ஒரு ஆடி மாதம் அங்கே இருந்து பார்க்கட்டும்.

ஆனால் இன்னொன்றும் கூடவே நடந்தது. டெல்டாவிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் அரிசி மூட்டை மூட்டையாக மேட்டு நிலத்துக்கு வர ஆரம்பித்ததும், மேட்டு நிலத்தில் விளைந்ததை வாங்க ஆள் இல்லாமல் போனது. இதற்கு வேர் 1965ல் இருக்கிறது. அந்த ஆண்டுதான் இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டது. நெல்லையும் கோதுமையையும் குறிப்பிட்ட விலைக்கு அரசு வாங்கிக்கொள்ளும் என்ற உத்தரவாதம் கிடைத்தது. பஞ்சத்தைத் துரத்தியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கேழ்வரகுக்கும் சோளத்துக்கும் விலை பெரும்பாலும் காகிதத்தில்தான் இருந்தது. விற்க முடியாததை விவசாயி எதற்கு விதைப்பான்? ஆயாவின் கொல்லையில் ஒரு பாதி இப்போது மாமரம். மறு பாதி தரிசு. மாமா பெங்களூரில் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறார். சொந்த நிலம் சும்மா கிடக்க, எங்கோ விளைந்த அரிசி வீட்டுக்கு வருகிறது.

இதே கதை, இன்னும் மோசமாக, வேறொரு ஊரில் நடந்து, அங்கே அதற்கு ஒரு பதிலும் கண்டுபிடித்தார்கள். அந்த ஊர் ஜஹீராபாத். ஹைதராபாத்திலிருந்து மும்பை போகும் சாலையில் இருக்கிறது. அன்றைக்கு ஆந்திராவின் மேடக் மாவட்டம், இன்றைக்குத் தெலங்கானாவின் சங்காரெட்டி மாவட்டம். நான் அங்கே போனதில்லை, படித்ததும் ஆவணப்படங்களில் பார்த்ததும்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1983ல் என்.டி.ராமராவ் ஆட்சிக்கு வந்து கிலோ இரண்டு ரூபாய் அரிசித் திட்டத்தைக் கொண்டுவந்தார். அதே 1983ல்தான் ஜஹீராபாத் பக்கம் டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற அமைப்பு தொடங்கியது. அதன் பின்னணியில் இருந்தவர்களில் முக்கியமானவர் பி.வி.சதீஷ். தூர்தர்ஷனில் வேலை பார்த்தவர், 2023 மார்ச்சில் காலமானார். ஆனால் அந்த அமைப்பின் முதுகெலும்பு அவர் இல்லை. சுமார் 75 கிராமங்களில் 'சங்கம்' என்று கூடிய பெண்கள்தான். பெரும்பாலும் தலித் பெண்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களே அதிகம், ஏறத்தாழ 5000 பேர்.

இந்தப் பெண்களின் குடும்பங்களுக்கு நிலமே இல்லை என்று சொல்ல முடியாது. அரசு பிரித்துக் கொடுத்த ஒன்றிரண்டு ஏக்கர் பலரிடம் இருந்தது. ஆனால் என்ன நிலம்? கல்லும் செம்மண்ணும் மேடும். உழ மாடு இல்லை, எரு இல்லை, விதைக்கக் காசு இல்லை. எனவே நிலத்தை அப்படியே போட்டுவிட்டு அடுத்தவர் வயலுக்குக் கூலிக்குப் போனார்கள். கூலிக் காசில் ரேஷன் கடையில் அரிசி வாங்கினார்கள். அவர்கள் சாப்பிட்டுப் பழகியது சோள ரொட்டி. (நாம் தியேட்டரில் தின்னும் மக்காச்சோளம் இல்லை, வெள்ளைச் சோளம்.) ரேஷனில் சோளம் கிடையாது.

1990களின் நடுவில் இந்தச் சங்கங்கள் ஒரு கணக்குப் போட்டன. ஊரில் தரிசாகக் கிடக்கும் நிலத்தை உழ ஏக்கருக்கு இவ்வளவு, எருவுக்கு இவ்வளவு, விதைக்கு இவ்வளவு, களை எடுக்க இவ்வளவு. மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகத்திடமிருந்து பண உதவி கிடைத்தது. சுமார் 30 கிராமங்களில் 2500 ஏக்கருக்கு மேல் தரிசு மறுபடி உழப்பட்டது. பணத்தை ஒரே மூச்சில் கையில் கொடுக்கவில்லை. உழவு முடிந்ததைக் கமிட்டிப் பெண்கள் போய்ப் பார்த்த பிறகு அடுத்த தவணை. விதைத்ததைப் பார்த்த பிறகு அதற்கடுத்த தவணை. வங்கி மேனேஜரை ஏமாற்றலாம், பக்கத்துக் கொல்லைக்காரியை ஏமாற்ற முடியுமா?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. கடனைப் பணமாகத் திருப்பித் தர வேண்டியதில்லை. சோளமாகத் தர வேண்டும், ஐந்து ஆண்டுகளில். அந்தச் சோளம் ஹைதராபாத் குடோனுக்குப் போகாது. அந்தந்த ஊரிலேயே சேர்த்து வைக்கப்படும். சமுதாயத் தானிய நிதி என்று அதற்குப் பெயர். மழைக்காலத்தில், போன வருடத்துத் தானியம் தீர்ந்து புது அறுவடை இன்னும் வராத மாதங்களில், அந்தச் சோளம் ஊரில் உள்ள ஏழைகளுக்குச் சந்தை விலையைவிடக் குறைந்த விலையில் கொடுக்கப்படும்.

யார் ஏழை என்று யார் முடிவு செய்வது? நம் ஊரில் இதற்கு ஒரு பட்டியல் வரும். மாடி வீட்டுக்காரர் அதில் இருப்பார், ஓலைக் குடிசைக்காரி இருக்க மாட்டாள். ஜஹீராபாத்தில் ஊரே கூடி, தரையில் ஊரின் படத்தை வரைந்து, ஒவ்வொரு வீடாகப் பேசினார்கள். நிலம் இருக்கிறதா, சம்பாதிக்கும் ஆள் உண்டா, விதவையா, உடம்பு முடியாதவர் இருக்கிறாரா என்று ஏழ்மையைப் படிப்படியாகப் பிரித்தார்கள். மிக ஏழைக்கு மாதம் அதிகச் சோளம், சற்றுத் தேவலை என்றால் கொஞ்சம் குறைவு. எல்லார் முன்னாலும் பேசுவதால் பொய் சொல்வது கஷ்டம். (ஏழ்மையை ஊர் நடுவில் வைத்துப் பேசுவது கூச்சமாக இருக்காதா என்று எனக்கும் தோன்றியது. ஆனால் தாலுகா ஆபீஸ் வாசலில் நாள் முழுக்க நிற்பதைவிடப் பெரிய கூச்சமா அது?)

1981ல் வெளிவந்த தன் நூலில் அமர்த்தியா சென் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1943 வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்து அவர் காட்டியது, நாட்டில் தானியம் இருந்தாலும் அதை அடையும் வழி இல்லாதவர்கள் செத்துப்போவார்கள் என்பது. ஜஹீராபாத்தில் செய்தது அந்த வழியை ஊருக்குள்ளேயே வெட்டியதுதான். தரிசை உழுததால் கூலி நாட்கள் கூடின. சோளத்தட்டையால் மாட்டுக்குத் தீவனம் கிடைத்தது. மாடு இருந்தால் எரு. எரு இருந்தால் அடுத்த வருடத்து நிலம்.

நிலத்தில் சோளம் மட்டும் இல்லை. துவரை, அவரை, பாசிப்பயறு, தினை, எள் என்று ஒரே கொல்லையில் கலந்து விதைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஒன்று பொய்த்தால் இன்னொன்று நிற்கும். தட்டுக்குப் பருப்பும் எண்ணெயும் அங்கிருந்தே வரும். அதோடு, யாரும் விதைக்காமல் முளைக்கும் கீரைகள். களைக்கொல்லி அடிக்கும் விவசாயிக்கு அது களை, அந்தப் பெண்களுக்குச் சாயங்காலக் குழம்பு. எங்கள் ஆயாவும் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, மூக்கிரட்டை என்று கொல்லையிலிருந்து மடி நிறையப் பறித்து வருவார். காசு கொடுத்துக் கீரை வாங்கியதாக ஆயாவுக்கு நினைவே இல்லை.

என் 9.4க்கும் இதற்கும் உள்ள சம்பந்தம் இங்கேதான். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல் வெளியிட்ட அட்டவணையைப் பார்த்தேன். 100 கிராம் தீட்டிய அரிசியில் இரும்புச்சத்து ஒரு மில்லிகிராம்கூட இல்லை. கேழ்வரகில் நாலரைக்கு மேல், கம்பில் ஆறுக்கு மேல். சுண்ணாம்புச்சத்து கேழ்வரகில் 364 மில்லிகிராம், அரிசியில் பத்துக்கும் கீழே. ஆனால் இதை வைத்து 'களி தின்றால் ரத்தசோகை போய்விடும்' என்று சொன்னால் அது ஏமாற்று. தானியத்தில் இருக்கும் இரும்பு அத்தனையும் உடம்பில் சேர்வதில்லை. பருப்பு, கீரை, புளிப்பு, முடிந்தால் முட்டை, மீன் எல்லாம் சேர்ந்தால்தான் உண்டு. டாக்டர் கொடுத்த மாத்திரையையும் நான் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கலப்புப் பயிர்க் கொல்லையின் பெருமை அதில் ஒரு அதிசயத் தானியம் இருப்பது இல்லை, தட்டில் ஐந்தாறு வகை வந்து சேர்வது.

இதெல்லாம் சரி, இவ்வளவு நல்ல யோசனை என்றால் நாற்பது வருடத்தில் ஏன் 75 கிராமத்தோடு நின்றது என்று என் வகுப்புத் தோழன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. ஜஹீராபாத்தைச் சுற்றியே கரும்பு உண்டு, பருத்தி உண்டு. காசு தரும் பயிர் கூப்பிடும்போது எல்லாரும் சோளம் போடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. தொடக்கத்தில் வெளியிலிருந்து பணமும் வந்தது, பின்னால் நிற்க ஒரு அமைப்பும் இருந்தது. அது இல்லாத ஊரில் இது தானாக முளைக்காது.

கூட்டாகப் பயிர் செய்வது என்றாலே சண்டையில்தான் முடியும் என்பது நம்மில் பலருடைய நினைப்பு. பொருளியலாளர் பீனா அகர்வால் இதைக் கேரளத்திலும் தெலங்கானாவிலும் கள ஆய்வு செய்திருக்கிறார். கேரளத்தில் 1998ல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் பெண்கள் நாலு முதல் பத்துப் பேர் வரை குழு சேர்ந்து, தரிசைக் குத்தகைக்கு எடுத்து வாழை, காய்கறி, நெல் என்று பயிர் செய்கிறார்கள். அங்கே ஹெக்டேருக்குக் கிடைத்த விளைச்சலின் மதிப்பு, தனியாகப் பயிர் செய்யும் சிறு விவசாயிகளைவிட ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு. தெலங்கானாவில் அவர் பார்த்த பெண்கள் குழுக்களுக்கு விளைச்சல் தனி விவசாயிகளைவிடக் குறைவு. ஆனால் செலவு போக நிகர வருமானத்தில் அவர்கள் பின்தங்கவில்லை. கேரளக் குழுக்களுக்குக் குறைந்த வட்டிக் கடன், பயிற்சி, உள்ளாட்சியின் ஆதரவு எல்லாம் கிடைத்தன. கூட்டு என்பது மந்திரம் இல்லை, அதற்கும் எரு போட வேண்டும்.

இன்னொரு சிக்கலை நாம் பேசுவதே இல்லை. குத்துவது! கேழ்வரகை அப்படியே அரைத்துவிடலாம். சாமை, வரகு, தினை அப்படி இல்லை. உமி நீக்க வேண்டும். உரலில் போட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து... ஒரு வேளைச் சோற்றுக்கு அரை நாள் போய்விடும் என்று ஆயா சொல்வார். அந்த அரை நாள் எப்போதும் பெண்ணுடைய அரை நாள்தான். ரேஷன் அரிசி வந்ததும் சாமை காணாமல் போனதற்கு நாகரிக மோகம்தான் காரணம் என்று கட்டுரை எழுதுபவர்களில் எத்தனை பேர் உலக்கை பிடித்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. சாமையும் தினையும் விளைந்த சரிவுகளில் மரவள்ளி ஏறியது. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் காசு கொடுத்து வாங்கின, வேலையும் குறைவு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்கே வேலை செய்கிறது. ஊர் விதை வங்கிகள் அமைத்தார்கள். கூடவே, கிராமத்துக்குள்ளேயே உமி நீக்கும் இயந்திரங்களை வைத்தார்கள், பெண்கள் குழுக்கள் மாவும் சத்துமாவும் தயாரித்து விற்கக் கற்றுக்கொடுத்தார்கள். விதை வங்கி என்றால் கேட்கவே அழகாக இருக்கிறது, பத்திரிகையில் படம் போடுவார்கள். என்னைக் கேட்டால் அந்த இயந்திரம்தான் பெரிய விஷயம்.

இதற்கிடையில் ஐ.நா. சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது, இந்தியா கேட்டுக்கொண்டதன் பேரில். அதனால் நல்லதும் நடந்திருக்கிறது. 2013-14ல் குவிண்டாலுக்கு 1500 ரூபாயாக இருந்த கேழ்வரகின் ஆதார விலை 2025-26ல் 4886 ரூபாய். ஆனால் நகரத்துக் கடையில் சாமை அரிசி பொன்னி அரிசியைவிட விலை அதிகம். பாக்கெட்டின் மேல் சிரித்த முகத்தோடு ஒரு கிராமத்துப் பாட்டியின் படம். அந்தப் பாட்டி வீட்டில் சமைப்பது ரேஷன் அரிசிதான். விளைவித்தவர் நல்ல விலைக்கு விற்பதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், விற்கட்டும். ஆனால் நகரத்துச் சர்க்கரை நோயாளிக்காக விளைவது பென்னாகரத்துப் பசிக்குப் பதில் ஆகாது.

அதனால்தான் ரேஷன் கடையை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது என்கிறேன். 2013ல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே அரிசி, கோதுமையோடு சிறுதானியத்துக்கும் இடம் உண்டு. ஒடிசா 2017ல் சிறுதானிய இயக்கம் தொடங்கி, பழங்குடி விவசாயிகளிடம் கேழ்வரகு வாங்கி ரேஷனில் கொடுத்தது. கேந்துஜர், சுந்தர்கட் மாவட்டங்களில் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு ராகி லட்டாகவும் கொடுத்தது. தமிழ்நாட்டிலும் 2023 மே மாதம் தர்மபுரி, நீலகிரி மாவட்டங்களில் ஒரு திட்டம் வந்தது. கார்டுக்கு மாதம் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு. தர்மபுரி, கிருஷ்ணகிரி விவசாயிகளிடமிருந்து அரசே நேரடியாகக் கொள்முதல் செய்யவும் ஏற்பாடு. எங்கள் ஊர்ப் பக்கமே தொடங்கியதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

இரண்டு கிலோ ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாள் வரும் என்று கேட்காதீர்கள். தொடக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் ஜஹீராபாத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரிகிறது. இங்கே கேழ்வரகு கொல்லையிலிருந்து கொள்முதல் நிலையத்துக்குப் போய், குடோனுக்குப் போய், அங்கிருந்து கடைக்கு வருகிறது. எவ்வளவு வாங்குவது, எப்போது கொடுப்பது, யாருக்கு அதிகம் வேண்டும் என்பதில் ஊருக்கு ஒரு சொல்லும் இல்லை. தரிசாகக் கிடக்கும் நிலத்தை உழ யாரும் முன்பணம் தருவதும் இல்லை. கொள்முதல் விலை நல்ல விலைதான். ஆனால் அது ஏற்கெனவே பயிர் செய்பவருக்குத்தான் உதவும். மாடும் ஆளும் இல்லாமல் நிலத்தைப் போட்டுவிட்டுப் பெங்களூர் போன எங்கள் மாமாவுக்கு உதவாது.

நம் ஊரில் மகளிர் சுயஉதவிக் குழு இல்லாத பஞ்சாயத்தே இல்லை. கடன் வாங்கவும் கட்டவும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் குழுக்களிடம் தரிசைக் குத்தகைக்கு விட்டு, உழவுக்கு முன்பணம் கொடுத்து, அதைக் கேழ்வரகாகவும் சாமையாகவும் திருப்பி வாங்கி, அந்தப் பஞ்சாயத்திலேயே வைத்திருந்து, அந்த ஊர் ரேஷன் கடைக்கும் சத்துணவுக்கும் கொடுத்தால் என்ன? நிலமே இல்லாதவர்களுக்கும் குழுவில் சேர்வதன் மூலம் ஒரு பங்கு கிடைக்கும். அரிசியைக் குறைக்க வேண்டாம், தயவுசெய்து அதில் கை வைக்க வேண்டாம். அதன் மேல் இது. குழுவுக்குள் சாதி வரும், கணக்கில் தகராறு வரும், ஒரு வருடம் மழை ஏமாற்றும். எல்லாம் வரும். ஜஹீராபாத்திலும் வந்திருக்காதா என்ன?

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனபோது இதையெல்லாம் ஆயாவிடம் உட்கார்ந்து சொன்னேன். தரிசாகக் கிடக்கும் அரை ஏக்கரில் வரும் வருடம் சாமை போடலாமா என்று கேட்டேன். ஆயா உள்ளே போய் அடுக்குப்பானையில் மூன்றாவதை இறக்கி, சாம்பல் கலந்து வைத்திருந்த விதையைக் கையில் அள்ளிக் காட்டினார். எத்தனை வருடமாக வைத்திருக்கிறார், முளைக்குமா முளைக்காதா, தெரியாது. "போடலாம்டி. யாரு குத்தறது? நீ குத்தறியா?" என்றார்.

விசாரித்தேன். அந்தப் பக்கத்தில் கேழ்வரகு அரைக்கும் மில் நாலைந்து இருக்கிறது. சாமை உமி நீக்கிக் கொடுக்கும் மில் ஒன்றுதான், அதற்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அரை மூட்டைச் சாமையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாற மாமா தயாராக இல்லை. கேழ்வரகே போட்டுவிடலாம், ஊடே அவரையும் போடலாம் என்று இப்போதைக்குப் பேச்சு. உழவு டிராக்டருக்கு மணிக்கணக்கில் வாடகை. அதற்குத்தான் அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை.